டேப்லெட்டுக்கு அப்டேட் வருமா அண்ணாச்சி?

வண்ணாரப்பேட்டையிலோ ஜங்ஷனிலோ எந்த மொபைல் கடையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "அதெல்லாம் வரும் சார், வைஃபை போட்டா தானா வந்துரும்." என்ன அப்டேட், எத்தனை வருஷத்துக்கு என்று அடுத்த கேள்வி போட்டால், கவர் போடவா, கிளாஸ் ஒட்டவா என்று பேச்சு மாறிவிடும். விற்கிற பையனைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, அவனுக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்து, பன்னிரண்டாயிரம் ரூபாய் டேப்லெட் என்றால், பெட்டியைப் பிரிக்கும்போது எந்த ஆண்ட்ராய்டு இருக்கிறதோ அதோடுதான் கடைசிவரை காலந்தள்ள வேண்டும் என்று நினைத்து வாங்குங்கள். மேற்கொண்டு வந்தால் லாபம்.

கூகுள் புது ஆண்ட்ராய்டை வெளியிட்டதும் அது நேரே நம் கைக்கு வராது. மீடியாடெக், யூனிசாக் மாதிரி சிப் கம்பெனி அதற்கேற்ற டிரைவர்களை, அதாவது சிப்பை ஆண்ட்ராய்டோடு பேசவைக்கும் சாஃப்ட்வேரை, தரவேண்டும். டேப்லெட் கம்பெனி அதைத் தன் மாடலில் ஏற்றி, கேமரா, வைஃபை, சார்ஜிங் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து, கூகுள் வைக்கும் பரிசோதனைகளிலும் தேறவேண்டும். 2017இல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த கூகுளின் ட்ரெபிள் என்ற ஏற்பாடு சிப் பக்கத்து வேலையைத் தனியாகப் பிரித்துக் கொஞ்சம் சுலபமாக்கியது. ஆனாலும் சோதனைக்கு ஆகிற செலவு கம்பெனி தலையில்தான். விற்று முடித்த மாடலுக்கு அந்தச் செலவைச் செய்ய யாருக்கு மனசு வரும்?

மலிவு விலையிலும் ஓரளவு செய்தவர்கள் உண்டு. சாம்சங் கேலக்ஸி டேப் ஏ8, ஆண்ட்ராய்டு 11-இல் வந்து 14 வரை போனது. அதற்கு முந்தைய டேப் ஏ7, 10-இல் தொடங்கி 12-இல் நின்றது. ஒரே கம்பெனி, ஒரே வரிசை, அதிலேயே இவ்வளவு வித்தியாசம். அதனால் பிராண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மாடலைப் பாருங்கள்.

நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அப்டேட் கணக்கு பெரும்பாலும் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடும், நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து இல்லை. மூன்று வருஷம் தருவதாகச் சொன்ன மாடலை, அது வந்து இரண்டு வருஷம் கழித்துத் தீபாவளி ஆஃபரில் வாங்கினால் மிச்சம் ஒரு வருஷம்தான். அட்டையில் இருக்கும் மாதமும் வருஷமும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பீஸ் தயாரான தேதி. மாடல் எப்போது வந்தது என்பதைக் கம்பெனி தளத்தில்தான் பார்க்கவேண்டும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. டெமோ பீஸைக் கையில் வாங்கி, உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். செட்டிங்ஸ், அபௌட் டேப்லெட், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்று உள்ளே போனால் 'செக்யூரிட்டி அப்டேட்' என்று ஒரு தேதி தெரியும், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் எந்தத் தேதி வரை வந்திருக்கிறது என்று அது சொல்லும். சிஸ்டம் அப்டேட்டையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். "லேட்டஸ்ட் வெர்ஷன்" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தேதி ஒரு வருஷத்துக்கு முந்தையதாக நின்றால், அந்த மாடலைக் கம்பெனி கைகழுவிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். டெமோ பீஸில் சில சமயம் வேறு சாஃப்ட்வேர் போட்டிருப்பார்கள், அதனால் தெரிந்தவர் கையில் அதே மாடல் இருந்தால் அதிலும் பார்த்துக்கொள்வது நல்லது. அதே பக்கத்தில் 'கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்' என்று இன்னொரு தேதி இருக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் சில பாகங்களைக் கூகுள் நேரடியாகவே புதுப்பிக்கிறது. இது புதிதாக இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம், சிப் டிரைவரில் இருக்கும் ஓட்டையை இது அடைக்காது.

பேர் தெரியாத கம்பெனி டேப்லெட் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சிலவற்றில் அபௌட் பக்கத்தில் ஆண்ட்ராய்டு 13 என்று எழுதியிருக்கும், உள்ளே ஓடுவது 10 ஆக இருக்கும். உள்விவரம் காட்டும் சிபியு-இசட் ஆப் போட்டு, ஒவ்வொரு ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்கும் உரிய எண்ணான 'ஏபிஐ லெவல்' பாருங்கள்: 29 என்றால் ஆண்ட்ராய்டு 10, 30 என்றால் 11, 33 என்றால் 13, 34 என்றால் 14. வெர்ஷன் பெயரை மாற்றி எழுதுவது சுலபம். இந்த எண்ணை நம்பித்தான் ஆப்கள் ஓடுகின்றன, அதை மாற்றினால் அவை கோளாறு செய்யும் என்பதால் அதில் பெரும்பாலும் கைவைக்க மாட்டார்கள். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் அபௌட் பகுதியில் 'டிவைஸ் இஸ் சர்டிஃபைட்' (கூகுள் பரிசோதனையில் தேறியது) என்று இல்லாவிட்டால் பேரம்கூடப் பேசவேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், புது வெர்ஷன் வந்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 3 ஜிபி ராம், 32 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவான, மெதுவான ஸ்டோரேஜ் இருக்கிற டேப்லெட்டில் பெரிய அப்டேட் ஏற்றினால் ஆப் மாற்றும்போதெல்லாம் திக்கும். பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வழியும் பெரும்பாலும் இருக்காது. எனக்கு வேண்டியது செக்யூரிட்டி பேட்ச் மட்டும்தான். அதை ஏற்றுவதற்கு முன் 4, 5 ஜிபி காலி இடமும் பாதிக்கு மேல் சார்ஜும் இருக்கட்டும். மெமரி கார்டில் இடம் இருந்து பிரயோசனம் இல்லை, அப்டேட் இறங்குவது உள் ஸ்டோரேஜில். பாதியில் ஃபெயில் ஆகிறது என்று வருகிற புகார்களில் நிறைய இந்த இடப் பிரச்சினைதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் போனுக்கும் டேப்லெட்டுக்கும் புது விதி வந்திருக்கிறது. அதில் அப்டேட்டுக்குச் சொன்ன 5 வருஷக் கணக்கு, அந்த மாடலைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்திய நாளிலிருந்துதான் தொடங்குகிறது. இங்கே அட்டையில் எம்ஆர்பியும் மாதம் வருஷமும் போடச் சட்டம் இருக்கிறது. "பேட்ச் இந்தத் தேதி வரை" என்று இன்னொரு வரி அச்சடிக்க என்ன செலவு ஆகிவிடும்?

ஏற்கெனவே பேட்ச் நின்றுபோன டேப்லெட் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. குரோமையும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவையும் (மற்ற ஆப்களுக்குள் இணையப் பக்கம் காட்டுவது இதுதான்) ப்ளே ஸ்டோரில் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். ஆண்ட்ராய்டு 8, 9 என்றால் அதுவும் முடியாது, குரோம் 138-உடன் அவற்றுக்கு நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாட வீடியோ, டிஎன்பிஎஸ்சி பிடிஎஃப் என்றால் தாராளமாகப் போதும். ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏபிகே, அதாவது ஆப் ஃபைல், எதையும் போடாதீர்கள். கார்டு எதுவும் சேர்க்காத தனி கூகுள் கணக்கு போட்டுக் கொடுங்கள். பேங்க் ஆப்பும் யுபிஐயும் போனோடு இருக்கட்டும்.