நாலு மாசமா வரலையாம்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறிக்குழம்பு சாப்பிட்ட கையைக்கூட நான் இன்னும் சரியாகக் கழுவவில்லை. மைனி என்னை அடுப்படிக்குள் இழுத்துக் காதோடு சொன்னது: "உன் மருமகளுக்கு நாலு மாசமா வரல."

மாதவிலக்கைத்தான் சொன்னார். அண்ணன் மகளுக்குப் பதினாறு வயசு. 800 மீட்டர் ஓடுகிறாள். விடிகாலை ஐந்தரைக்கு மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம், பள்ளிக்கூடம் விட்டதும் மறுபடியும் அங்கேதான். சக்கிமங்கலத்து ரேவதி டோக்கியோ ஒலிம்பிக் வரைக்கும் ஓடிவிட்டு வந்த பிறகு, மகள்களை கிரவுண்டுக்கு அனுப்ப எங்கள் பக்கத்து அப்பாமார்களுக்கு ஒரு தைரியம் வந்தது. என் அண்ணனும் அதில் ஒருத்தர்.

நான் போவதற்குள் வீட்டில் தீர்ப்புகள் எழுதி முடித்திருந்தார்கள். எங்கம்மா: "பொம்பளப்புள்ள இந்தக் குதி குதிச்சா கர்ப்பப்பை எறங்காம என்ன செய்யும்? நான் சொன்னா யாரு கேக்குறா." கோச் சொன்னதாக மைனி சொன்னது: "ட்ரெயினிங் ஏறுனா அப்படித்தாம்மா நிக்கும். பிள்ளை ஃபார்முக்கு வந்துட்டான்னு அர்த்தம்." அண்ணன் எதுவும் சொல்லவில்லை. இந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்கு பைக்குக்கு பெட்ரோல் போடுகிற வேலை வந்துவிடும்.

அம்மா சொன்னதில் எனக்குக் கோபமில்லை. அது அவருடைய அப்பத்தா காலத்துப் பயம். கோச் பேச்சுதான் எரிச்சல். நின்றுபோனதற்குப் பாராட்டா?

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். ரத்தம் கொடுத்தோம், தைராய்டு, புரோலாக்டின் என்று ஹார்மோன்களைப் பார்த்தார்கள். கர்ப்பப் பரிசோதனையும் என்றதும் மைனி முகம் சுண்டிவிட்டது. "நாள் தள்ளிப்போனா யாரா இருந்தாலும் எடுக்குறதுதாம்மா" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எல்லாம் சரியாகவே இருந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: "நேத்து காலைலேருந்து என்னென்ன சாப்ட்ட, சொல்லு."

அவள் சொல்லச் சொல்ல நான் என் போனில் குறித்துக்கொண்டேன். அஞ்சு மணிக்கு அரை டம்ளர் டீ. ஓடி முடித்து வீட்டுக்கு வரவே எட்டு மணி. எட்டே காலுக்கு வேன், அந்தக் கால் மணி நேரத்தில் குளியலும் மூன்று இட்லியும். மத்தியானம் எலுமிச்சம் சாதம். சாயங்காலம் கிரவுண்டுக்கு வெளியே டீயும் ஒரு பன்னும். ராத்திரி மூன்று தோசை. கறி? "வெயிட் போட்டா டைமிங் போயிரும்னாங்க அத்தை, அதான் விட்டுட்டேன்." பரோட்டா மணக்கிற ஊரில் இருந்துகொண்டு! அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் இலையில் வெறும் குழம்பு மட்டும் இருந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 1,500 கலோரிதான். ரெண்டு வேளை ஓட்டத்துக்கு ஒரு 500 போய்விடும், மிச்சம் 1,000. அவள் எடை 47 கிலோ. கொழுப்பைக் கழித்தால் சுமார் 38 கிலோ. அப்படியென்றால் அந்த உடம்பு தன் சொந்தச் செலவுக்குக் கிலோவுக்கு 26 கலோரியை வைத்துக்கொண்டு பிழைக்கிறது. தேவையோ 45 பக்கம். 30-க்குக் கீழே இறக்கினால், மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகிற ஹார்மோனின் தாளம் ஐந்தே நாளில் தடுமாறுவதை இளம்பெண்களை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கையில் காசில்லாத மாசம் நாம் முதலில் எதை நிறுத்துவோம்? சீட்டுப்பணத்தை. அரிசியையும் கரண்ட் பில்லையும் நிறுத்த முடியாதே. உடம்பும் அப்படித்தான் குடித்தனம் நடத்துகிறது. இதயத்துக்கும் மூச்சுக்கும் கொடுத்தாக வேண்டும். பிள்ளை பெறுகிற ஏற்பாட்டைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாம். மூளையில் ஹைபோதலாமஸ் என்ற இடம் சிக்னலைக் குறைக்கிறது, முட்டை வெளியாவது நிற்கிறது, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, மாதவிலக்கு வருவதில்லை. கர்ப்பப்பை எங்கும் இறங்கவில்லை அம்மா, இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

சீட்டு நின்றால் பின்னால் கல்யாணச் செலவுக்கு இடிக்கும் இல்லையா, இங்கே இடிப்பது எலும்பில். வாழ்நாளுக்கான எலும்பு பெரும்பாலும் இருபது வயசுக்குள் சேர்ந்துவிடும், அது சேர ஈஸ்ட்ரோஜன் வேண்டும். இவளுக்கு மூன்று வாரமாக முழங்காலுக்குக் கீழே வலி. கிரவுண்டில் எல்லோரும் 'சின் பெயின்' என்று ஸ்ப்ரே அடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, ஸ்கேனில் எலும்பில் கீறல் எதுவும் இல்லை. 2014-லேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தச் சாப்பாட்டுப் பற்றாக்குறைக்குத் தனியாக ஒரு பெயர் வைத்து, ஆண்களுக்கும் இது வரும் என்று சொல்லிவிட்டது. நம்ம ஊர் கிரவுண்டுக்கு அந்தச் செய்தி இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது போல.

மைனி கேட்டது: "ஒரு மாத்திரை குடுத்து வரவச்சிருங்களேன் மேடம்." டாக்டரம்மா சிரித்தார். மாத்திரை போட்டால் ரத்தம் வரும்; ஆனால் அது மாத்திரை வரவைக்கிற ரத்தம், உள்ளே பற்றாக்குறை அப்படியேதான் இருக்கும், நாமும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவோம் என்றார். வயசுக்கு வந்த முதல் சில வருஷம் முன்னே பின்னே வரும், 45 நாள் வரை போகலாம். மூன்று மாசம் வரவே இல்லையென்றால் காத்திருக்காமல் வரவேண்டும் என்றும் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு யாராவது பிள்ளையை கிரவுண்டிலிருந்து இழுத்துவந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நான் நாற்பத்தி நாலு வயசில், ரெண்டு வருஷமாகத் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறேன். முதல் நாள் வயிற்றுவலிக்கு மாத்திரையோடு சுருண்டு படுத்தவள், இப்போது அந்த நாளிலும் நாலு சுற்று போகிறேன். வாரத்தில் மூன்று நாள், முக்கால் மணி நேரம் போல உடம்பை அசைத்தால் வலி குறைய வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்களும் சொல்கிறார்கள். பி.சி.ஓ.டி. என்கிற சினைப்பை நீர்க்கட்டி இருக்கிற என் அக்கா மகளுக்கோ கதை நேர் எதிர். அவளுக்கு மாதவிலக்கு நாள் தவறாமல் வர ஆரம்பித்ததே நடையும் ஜிம்மும் தொடங்கிய பிறகுதான். இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்தால் சினைப்பையும் சொன்ன பேச்சுக் கேட்கும். ஒரே உடற்பயிற்சி, ஒரே குடும்பம், ஒருத்திக்கு நிற்கிறது, ஒருத்திக்கு வருகிறது. அதனால்தான் 'ஓடலாமா கூடாதா' என்ற கேள்வியே எனக்குப் பிடிப்பதில்லை.

டி.கல்லுப்பட்டிப் பக்கம் சில கிராமங்களில் அந்த நாட்களில் பெண்களை ஊருக்கு வெளியே தனி வீட்டில் உட்காரவைக்கிறார்கள். அதைக் கேட்டு உச்சுக்கொட்டுகிற நாம், பி.டி. பீரியடில் பிள்ளையை மரத்தடியில் உட்காரவைப்பது மட்டும் என்னவாம்? பாரிஸ் ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 199 கிலோ தூக்கி, ஒரு கிலோவில் வெண்கலத்தை விட்டுவிட்டு, இன்று எனக்கு மூன்றாவது நாள் என்று மைக்கிலேயே சொன்னார். எங்கள் வீட்டில் அண்ணன் பெட்ரோல் போடப் போயிருக்கிறார்.

இப்போது நிலவரம்: சாயங்கால ஓட்டம் ரெண்டு மாசத்துக்குக் கிடையாது. கோச்சிடம் நானே போய்ப் பேசினேன். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டாலும் சரி என்றார். காலையில் ஓடி முடித்ததும் அங்கேயே சாப்பிட வாழைப்பழமும் அவித்த முட்டையும் டப்பாவில் போகிறது. கறி இலைக்கு வந்துவிட்டது. உளுந்தங்களி எங்கம்மா இலாகா. சடங்கு வீட்டில் கிண்டுகிற மாதிரி நல்லெண்ணெய் மிதக்கக் கிண்டுகிறார். ஒண்ணரைக் கிலோ ஏறியிருக்கிறாள். மாதவிலக்கு இன்னும் வரவில்லை, மாசக்கணக்கில் ஆகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

நாற்பது வருஷமாக இந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லாத எங்கம்மா, நேற்று காலை மாடியிலிருந்து தெருவே கேட்கக் கேட்டார்: "ஏண்டி, வந்துருச்சா?"

கேட்டைத் திறந்துகொண்டே அவள் கத்தினாள், "இன்னும் இல்ல அப்பத்தா."

"அப்ப உள்ள வா, இன்னொரு உருண்டை தின்னு."