மிஷின்மேன் வாயைத் திறந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

நேற்று நம் அச்சுத் தொழில் குழுவில், ஒரு பையன் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன தம்பியைத் திட்டி விரட்டியதை எல்லாரும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுப் பாதிப் பேர் பேசாமல் இருந்தீர்கள். எனக்கு அதுதான் ரொம்ப வலிக்கிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பையன் கேட்டது ஒரு சாதாரணக் கேள்வி. ஒரு ஓட்டத்தில் இரண்டு கலர் மட்டும் அடிக்கும் டூ கலர் அச்சு மிஷின், நாலு கலர் வேலை. முதல் நாள் இரண்டு கலர் அடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். ராத்திரி முழுக்க மழை. காலையில் மீதி இரண்டு கலர் ஏற்றினால் மிஷின் பேப்பரைப் பிடிக்கும் கிரிப்பர் பக்கம் ரிஜிஸ்டர், அதாவது கலர் மேல் கலர் உட்காருவது, சரியாக நிற்கிறது, கடைசி ஓரமான வால் பக்கம் இரண்டு மூலையிலும் விலகுகிறது. படம் இருக்கும் பிளேட்டை இழுத்துப் பார்த்திருக்கிறான், அதிலிருந்து மையை வாங்கிப் பேப்பரில் பதிக்கும் ரப்பர் ஷீட்டான பிளாங்கெட்டை முடுக்கிப் பார்த்திருக்கிறான், நிற்கவில்லை. அதற்கு இன்னொரு தம்பி பொறுமையாகப் பத்து வரி பதில் எழுதினான். கோளாறு மிஷினில் இல்லை, பேப்பரில் இருக்கிறது. ராத்திரி ஈரத்தைக் குடித்து ஓரம் விரிந்து அலை அலையாகிவிட்டது, நடுப்பகுதி அப்படியே இருக்கிறது. அடித்த அடுக்கை உடனே பாலித்தீன் போட்டு நாலு பக்கமும் மூடு. ரீமை, அதாவது பேப்பர் கட்டை, முந்தின நாளே பிரித்து வைக்காதே. பிளேட்டை நனைக்கும் தண்ணீரைக் குறைத்து ஓட்டு. கூடவே தன் மிஷின் பக்கத்தில் மூடி வைத்த அடுக்கின் போட்டோ ஒன்று.

பத்து நிமிடத்தில் வந்தது பதில். "கம்பெனி விஷயத்தை ரோட்டுல வெச்சு விக்கிறியா?" அப்புறம் இன்னொரு அண்ணன்: "நாங்க எட்டு வருஷம் ரோலர் கழுவிக் கத்துக்கிட்டதை இவனுங்க எட்டு நிமிஷத்துல வாங்கிட்டுப் போயிடுவானுங்க." தம்பி பதிவை அழித்துவிட்டான். குழுவை விட்டும் போய்விட்டான். கேள்வி கேட்ட பையன் அந்தப் பத்து வரியை முழுசாகப் படித்தானா என்றுகூடத் தெரியவில்லை.

பாலித்தீன் போட்டு மூடிய பேப்பர் அடுக்கு எந்தக் கம்பெனியின் ரகசியம்? யாராவது எனக்குச் சொல்லுங்கள். மழை நாளில் பேப்பர் ஓரம் வீங்கும் என்பது சென்னையில் மிஷின் ஓட்டும் ஒவ்வொருவனும் ஐப்பசி கார்த்திகையில் படும் பாடு. அதை ஒருத்தன் சொன்னால் இன்னொருத்தனுக்கு நூறு ஷீட் வேஸ்டேஜ் மிச்சம். சொன்னவனுக்கு ஒரு ஷீட்டும் குறையப் போவதில்லை.

2019 கோடையை மறந்துவிட்டோமா? ஏரியெல்லாம் வற்றி ஊரே லாரித் தண்ணீரில் ஓடியது. நான் அப்போது ராயப்பேட்டையில் ஜானி ஜான் கான் ரோட்டில் இருந்தேன். கதவைத் திறந்தால் பிரஸ், பக்கத்தில் பிரஸ், எதிரில் பிரஸ். லாரியில் வந்த தண்ணீர் ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி. என் மிஷினில் ரோலர் மேல் கண்ணாடி மாதிரி வழவழப்பு ஏறியது, மை பிடிக்கவில்லை. மையைக் கூட்டினேன், தண்ணீரைக் குறைத்தேன், மை கம்பெனிக்காரரைத் திட்டினேன். கடைசியில் ஒரு மெக்கானிக் வந்து, தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு ரோலரில் படிந்திருக்கிறது என்றார். அதை நீக்கும் திரவம் போட்டுக் கழுவி, பிளேட்டை நனைக்கும் பவுண்டன் கரைசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினோம். சரியாகிவிட்டது. அப்புறம் டீக்கடையில் பேசினால், அதே தெருவில் நாலு பேருக்கு அதே வழவழப்பு. ஒவ்வொருத்தரும் தனித்தனியாக மெக்கானிக்குக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் புது ரோலரே வாங்கிவிட்டார்கள். முப்பது அடி தூரம்கூட இல்லை, ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

"செட்டிங் தொழில் ரகசியம்" என்று ஒரு முதலாளி எழுதியிருந்தார். ஐயா, பவுண்டன் கரைசலின் பிஹெச், அதாவது அமிலத்தன்மை அளவு, 4.8-லிருந்து 5.5-க்குள் இருக்க வேண்டும் என்பது ரகசியமா? தரமணியில் அச்சுத் தொழிலுக்கென்றே ஒரு பாலிடெக்னிக் இருக்கிறது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித் துறை இருக்கிறது. அங்கே பாடமாக நடத்துவதை மிஷின் பக்கத்தில் நிற்பவன் சொன்னால் மட்டும் துரோகம் ஆகிவிடுமா? அவன் கை பழகிக் கற்றது அவனுடையது. உங்கள் மிஷினை அவன் தூக்கிக் கொடுக்கவில்லை.

கஸ்டமர் வேலையைப் படம் எடுத்துப் போடக்கூடாது என்கிறீர்களா, நூற்றுக்கு நூறு சரி. கேள்வித்தாள் அடிக்கிற இடம், மருந்து அட்டைப்பெட்டி அடிக்கிற இடம், வெளிவராத கல்யாணப் பத்திரிகை, எதையும் போடக்கூடாது. கன்ட்ரோல் பேனலில் கஸ்டமர் பெயர் தெரிந்தால்கூட மறைத்துவிட்டுப் போடு என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். நேற்று போட்ட படத்தில் அப்படி எதுவுமே இல்லை.

தப்பான யோசனையும் வரும் என்கிறார்கள். வரும்தான். யாரோ பெட்ரோல் போட்டு பிளாங்கெட்டைத் துடை என்று எழுதினார், நானும் பார்த்தேன். அதைத் திருத்த நாலு பேர் வாயைத் திறக்க வேண்டுமே! தெரிந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்றால் தெரியாதவன் சொல்வதுதானே நிற்கும்?

எட்டு வருஷம் ரோலர் கழுவிய அண்ணனுக்கு என் பதில் இது. நானும் கழுவியவன்தான். என் மாஸ்டர் மை அளவைக் கூட்டிக் குறைக்கும் மை சாவியைத் திருப்பும்போது முதுகை எங்கள் பக்கம் காட்டிக்கொண்டு நிற்பார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, ரப்பர் பேண்ட் போட்டது. எந்தப் பேப்பருக்குப் பிளாங்கெட்டின் அடியில் எத்தனை பேக்கிங் ஷீட், எந்த மைக்கு எவ்வளவு ஜெல், எல்லாம் அதில் இருக்கும். எங்களைத் தொட விடமாட்டார். ஒரு நாள் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நாங்கள் பார்க்கப் போனபோது அவர் சம்சாரம் அந்த நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் எல்லாம் அவருக்கு மட்டும் புரியும் சுருக்கெழுத்து. ஒரு வட்டம், ஒரு கோடு, "மு.2", "வெ.கு." அவர் கட்டிலில் கிடந்து அதைப் பார்க்கிறார், ஏதோ சொல்ல வருகிறார், வாய் வரவில்லை. முப்பது வருஷத்துத் தொழில் அது. இன்னும் என் பீரோவில் இருக்கிறது. இன்றுவரை பாதிப் பக்கம் எனக்குப் புரியவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தபோது இதை எழுத நினைக்கவில்லை. அவருக்கு வலது ஆள்காட்டி விரலில் மேல் கணு கிடையாது. கேட்டால் "சின்ன வயசுல ஆனது" என்று நகர்ந்துவிடுவார். அவர் படுத்த மூன்றாம் வருஷம் எங்களோடு இருந்த ஹெல்ப்பர் பையன், துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஓடுகிற ரோலரைத் துடைத்தான். துணியை ரோலர் இழுத்தது. துணியோடு விரலும் போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் பழைய பைண்டர் மெல்லச் சொன்னார்: "உங்க மாஸ்டருக்கும் இதே மிஷின்லதான், இதே மாதிரிதான்."

அவருக்குத் தெரியும். அந்த மிஷினில் எந்த இடம் இழுக்கும் என்று தெரியும். சொன்னால் தொழில் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று வெட்கப்பட்டு முப்பது வருஷம் சொல்லவில்லை. நாங்களும் விடாமல் கேட்கவில்லை. அவர் மேல் எனக்கு இன்றும் கோபம் வரவில்லை, ஆனால் அந்தப் பையனின் கையை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. ரோலரை நிறுத்திவிட்டுக் கழுவு, துணியைக் கையில் சுற்றாதே, இஞ்சிங் பட்டனில் ரோலரைக் கொஞ்சம் நகர்த்தி, நின்றபிறகு துடை என்று ஒரு வாய் வார்த்தை போதும். இதுவும் ரகசியம்தானா அண்ணே?

தட்டச்சு வராதவர்கள் வாய்ஸில் பேசுங்கள். கேட்கிறவர்கள் மிஷின் என்ன, பேப்பர் என்ன ஜிஎஸ்எம் (எடை அளவு), எந்த மை, வெளியே மழையா வெயிலா, இவ்வளவும் சேர்த்துக் கேளுங்கள். பதில் சொல்கிறவர்கள் பயப்படாமல் சொல்லுங்கள்.

நேற்று பதிவை அழித்த தம்பிக்கு: உன் நம்பர் என்னிடம் இல்லை, அதனால் இங்கேயே சொல்கிறேன். அந்தப் பத்து வரியை அப்படியே திரும்பப் போடு. போட்டோவையும் போடு. யாராவது கேட்டால் நான் போடச் சொன்னேன் என்று என் பெயரைச் சொல். இன்று நைட் ஷிஃப்டில் மாஸ்டர் நோட்டில் எனக்குப் புரிந்த பக்கங்களைப் படம் எடுத்து நானும் குழுவில் போடுகிறேன். புரியாத பக்கங்களையும் சேர்த்தே போடுகிறேன், "வெ.கு." என்றால் என்ன என்று பழைய ஆட்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.