கதவில் வரைந்த பறவைகள்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்துப் பழைய அஞ்சலட்டைகளைப் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று, ஆற்றங்கரை ஊர்களையும் ரயில் நிலையங்களையும் காட்டியதோடு நின்றுவிட்டது என்பதே என் குறை. 1908-இல் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன், குழந்தைத் தொழிலை எதிர்த்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக அம்மாநிலச் சுரங்கங்களில் எடுத்த படங்களுள் ஒன்றில், நிலக்கரி வண்டிகள் வரும்போது கதவைத் திறந்து மூடுவதற்காகவே, 10 மணி நேரம் 75 சென்ட் கூலிக்கு இருட்டில் உட்கார்ந்திருக்கும் 15 வயதுச் சிறுவனைக் காணலாம். அவனருகே உள்ள கதவில் சாக்கட்டியால் கிறுக்கிய பறவைகள். சுரங்க இருள் காரணமாக, படத்தைக் கழுவிய பிறகே அக்கிறுக்கல்கள் கண்ணுக்குப் புலப்பட்டன என்று ஹைன் குறித்துவைத்திருக்கிறார். விற்பனைக்கென அச்சிட்ட அஞ்சலட்டையில் இப்படியொரு கதவு இடம்பெற்றிருக்குமா என்பது ஐயமே. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் அப்படத்தை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பெரிதாக்கிப் பார்த்தால் பறவைகளின் அலகுகூடத் தெரிகிறது.