ஏரிப் பூங்காவில் தூண்டில் போடக் கூடாதா? அப்படியென்றால் எழுதி வையுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நம்ம ஏரிப் பூங்காவில் தூண்டில் போட்ட ஒரு பையனைக் காவலாளி விசில் ஊதி வெளியே அனுப்பினாரே, அந்த வீடியோ இந்நேரம் கிருஷ்ணகிரி குரூப் அத்தனையிலும் சுற்றியிருக்கும். முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. அந்தப் பையனின் மூங்கில் தூண்டிலை முழங்காலில் வைத்து ஒடித்தார்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. வீடியோவுக்குக் கீழே ஒருத்தர், "ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் ப்ரோ" என்று எழுதியிருக்கிறார்.

சரி, ரூல்ஸ். அந்த போர்டு எங்கே? திங்கட்கிழமை காலை வாக்கிங் போனபோது தேடிப் பார்த்தேன். பூப்பறிக்காதே, புல்லில் உட்காராதே, நாயைக் கூட்டி வராதே, எல்லாம் இருக்கிறது. மீனைப் பற்றி ஒரு வரி இல்லை.

தூண்டில் கூடாது என்றால் எழுதுங்கள். போடலாம் என்றால் எந்தக் கரையில், எத்தனை மணி வரை, எதைத் திரும்ப விட வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டும் இல்லாமல் ஆளைப் பார்த்து விதி சொல்லக் கூடாது. ஆமாம், ஆளைப் பார்த்துதான். போன மாதம் அதே கரையில் ரீல் வைத்த ஃபைபர் ராடோடு கூலிங்கிளாஸ் கோஷ்டி ஒன்று வந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்காததுதான் குறை.

அங்கேயே கமெண்டில் கேட்கிறார்கள், "ஏரியைக் குத்தகை எடுத்து மீன்குஞ்சு விட்டவன் நஷ்டப்படணுமா?" நியாயமான கேள்வி. கட்லா, ரோகு, மிர்கால் மாதிரி வளர்ப்பு மீன்குஞ்செல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்கி விடுகிறார்கள். ஆனால் பையன் கையில் இருந்தது உள்ளங்கை அகல ஜிலேபி, அதாவது திலாப்பியா. 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மீன். இன்று யாரும் விடாமலே ஏரி குளமெல்லாம் பெருகிக் கிடக்கிறது. வளர்ப்பு மீனின் இரைக்கும் அதுதான் போட்டி. நாலு ஜிலேபியைப் பிடித்தவனுக்குக் குத்தகைக்காரர் நன்றி சொல்லணும். கோபம் வருகிறவர்களுக்கு வரட்டும்.

"தண்ணியில விழுந்தா யார் பொறுப்பு?" ஒரு மூலையை ஒதுக்கிக் கம்பி போடுங்கள், முடிந்தது.

"வாயில்லா ஜீவனைக் கொல்லலாமா?" இதைக் கேட்டவரைப் போன வாரம்தான் கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன் வறுவல் கடையில் பார்த்தேன். முள்ளைக்கூட விட்டுவைக்கவில்லை மனுஷன்.

எனக்குத் தூண்டில் சொல்லிக் கொடுத்தது மாமா. காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணைக் கரை, கோடை லீவு, சோளத்தட்டையில் தக்கை, கொட்டாங்குச்சியில் மண்புழு. வயிறு உப்பிய சினை மீன் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு தூண்டில் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விடணும். காய்ந்த கையால் பிடித்தால் மேலே இருக்கும் வழவழப்பு போய் மீன் நோயில் விழும் என்பார். அறுந்த தங்கூசியை, அதான் தூண்டில் நரம்பை, கரையில் போட்டால் முதுகில் ஒன்று விழும். கொக்கு காலில் சிக்கினால் அது செத்துப்போகும். இதெல்லாம் விதி இல்லையா? அவர் கையில் எந்த அடையாள அட்டையும் இருந்ததில்லை.

நியூயார்க்கில் இருக்கும் என் சித்தி பையன் அங்கே பூங்காவில் மீன் பிடிக்கிறான். பிடித்ததை அங்கேயே விட்டுவிட வேண்டும், தூண்டில் முள்ளில் மீன் கழன்றுவிடாமல் பிடிக்கும் எதிர்க்கொக்கி இருக்கக் கூடாது, நரம்பில் எடைக்கு ஈயக்குண்டு கட்டக் கூடாது, 16 வயது ஆனவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும். கெடுபிடிதான். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். "எதுக்கெடுத்தாலும் அமெரிக்காவா" என்று கிளம்பாதீர்கள், உள்ளூருக்கே வருகிறேன். 1897ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டம் வெடி போடுவதையும் விஷம் கலப்பதையும் நேரடியாகக் குற்றமாக்கியது. வலை, அதன் கண்ணி அளவு, எந்த நீர்நிலையில் கொஞ்ச காலம் மீன் பிடிக்கவே கூடாது என்பதையெல்லாம் மாநில அரசு விதி போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டது. வெள்ளைக்காரனே எழுதித்தான் வைத்தான்.

விஷம் என்றதும் ஞாபகம் வருகிறது. அதே ஏரியில் சாக்கடை வந்து சேரும் இடம் எல்லாருக்கும் தெரியும். கோடையில் மீன் செத்து வெள்ளையாக மிதந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டுதானே நடந்தோம்? அன்றைக்கு யாரும் விசில் ஊதவில்லை. யாரும் எதையும் ஒடிக்கவில்லை. தூண்டில்காரன்தான் முதலில் சொன்னான், தண்ணி கெட்டுப்போச்சு சார் என்று. அவனைத்தான் இப்போது வெளியே அனுப்புகிறோம்.

அந்தக் காவலாளி மேல் எனக்குக் கோபமில்லை, சொன்னதைச் செய்கிறார். சொன்னவர் யார் என்பதுதான் கேள்வி. அனுமதிக் கட்டணம் இருபது ரூபாய் என்று வையுங்கள், கட்டுகிறேன். அந்தப் பையனுக்கும் சேர்த்தே கட்டுகிறேன். ரசீது கொடுங்கள், அதில் எந்த விதிப்படி என்று எழுதிக் கொடுங்கள்.