60 கிலோவில் நிற்கிற ஆள்

நேற்று ஜிம்மில் ஒரு தம்பி கேட்டான். "அண்ணே, 160 கிலோ ஸ்குவாட் அடிச்ச ஆளு நீங்கதானாமே? இப்ப ஏன் 60-லயே நிக்கிறீங்க?" பாரத்தை முதுகில் வைத்து உட்கார்ந்து எழுவதுதான் ஸ்குவாட். தம்பிக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். கேலி இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். ரெண்டு செட்டுக்கு நடுவில் சொல்லி முடிகிற கதையா இது? அதான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு 54. மாவட்ட ஆணழகன் போட்டி மேடைகளில் எண்ணெய் பூசி நின்றவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க வலது கையைத் தூக்கினேன். பாதியிலேயே நின்றுவிட்டது. தோளுக்குள் ஊசி இறக்கின மாதிரி. அன்று ராத்திரி பனியனைக் கழற்றிவிட மனைவி வரவேண்டியிருந்தது. பதினேழு இஞ்ச் கை, ஒரு பனியனைக் கழற்றத் துப்பில்லை. அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்புறம் நம் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஜிம்முக்குக் கிளம்புமுன் டைக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரை ஒன்று. வலி தெரியாது, படுத்துத் தூக்குகிற அதே பெஞ்ச், அதே எடை. எட்டு மாதம் இப்படி ஓட்டினேன். வயிறு எரிந்தது, ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஏறியிருந்தது. மாட்டுக்குப் போட்ட இதே மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 2006-ல் கால்நடை வைத்தியத்தில் இதைத் தடை செய்தார்கள். டாக்டர் பார்த்து நாலு நாளைக்கு எழுதிக் கொடுத்தால் அது வேறு. நான் அதை வெயிட் தூக்க அனுமதிச் சீட்டாக வைத்திருந்தேன்.

சதைக்கு ரத்தம் தாராளமாகப் பாய்கிறது, சீக்கிரம் ஏறிவிடும். சதையை எலும்போடு கட்டியிருக்கும் நாணுக்கு அவ்வளவு வேகம் கிடையாது. மூட்டுக் குருத்தெலும்பில் ரத்தக்குழாயே இல்லை, நரம்பும் இல்லை. தேயும்போது அது வாய் திறக்காது. நமக்கு வலிக்க ஆரம்பிக்கும்போது ஏற்கெனவே நிறைய நடந்து முடிந்திருக்கும். ஸ்டீராய்டு ஊசி போட்டு உடம்பு ஏற்றுகிறவர்கள் பாடு இன்னும் மோசம், சதை ஓடுகிற ஓட்டத்துக்கு நாண் ஈடுகொடுக்காமல் அறுந்துவிடுவதும் உண்டு.

சரி, ஓய்வெடுத்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. அந்தக் குருத்தெலும்புக்குச் சாப்பாடு மூட்டுக்குள் இருக்கிற திரவத்திலிருந்துதான். ஸ்பாஞ்சை அமுக்கி விடுகிற மாதிரி, மூட்டு அசைந்தால்தான் அது உள்ளே போகும். "கையைத் தொங்கப் போட்டு வைக்காதீங்க சார், ஆட்டுங்க" என்றார் பிசியோ. வீட்டுப் பரணில் தாத்தாவின் கர்லாக்கட்டை கிடந்தது. சின்னதாகப் பார்த்து எடுத்து, தினமும் காலையில் பத்து நிமிஷம் சுற்ற ஆரம்பித்தேன்.

எடையைத் தலைக்கு மேல் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் இறக்குகிற பிரஸ்ஸை விட்டேன். பெஞ்சில் ராடுக்குப் பதில் டம்பெல், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி. இறக்கும்போது மனசுக்குள் நாலு எண்ணுகிறேன். இடது முழங்காலும் முரண்டு பிடித்ததால் ஸ்குவாட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். தொடைக்கான லெக் கர்ல், எக்ஸ்டென்ஷன் பயிற்சிகளை முதலில் முடித்து வந்தால் 60 கிலோவே 160 மாதிரி கனக்கும், 25 முறை உட்கார்ந்து எழுந்தால் தொடை பற்றி எரியும். சமாதானத்துக்குச் சொல்லவில்லை. தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 30 சதவீதத்தை வைத்தே, இனி முடியாது என்கிற வரை செய்தால், 80 சதவீதத்துக்கு நிகராகச் சதை வளர்கிறது என்று 2012-லேயே கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள். பலத்துக்குத்தான் பெரிய எடை வேண்டும். இந்த வயதில் 160 கிலோவை வைத்து நான் யாருக்கு என்ன நிரூபிக்கப் போகிறேன்?

உடம்பு எடையை 92-லிருந்து 81-க்கு இறக்கினேன். இதுதான் மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, சட்டை தொளதொளத்தது. ஆனால் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது. மேலே இருப்பது தசையா தொப்பையா என்று முழங்கால் பார்ப்பதில்லை. மூட்டுக்கு நல்லது என்று ரெண்டு வருஷம் விழுங்கிய குளுக்கோசமைன் டப்பாக்களைப் பற்றிக் கேட்காதீர்கள், அந்தக் காசை உண்டியலில் போட்டிருந்தால் புண்ணியமாவது மிஞ்சியிருக்கும்.

எங்கள் ஜிம் சுவரில் அமெரிக்க ஆணழகன் ரோனி கோல்மன் படம் இருக்கிறது. 1998 முதல் 2005 வரை எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா, ஆணழகன்களுக்கு உலகிலேயே பெரிய பட்டம் அது. 800 பவுண்டு, அதாவது 363 கிலோவை முதுகில் வைத்து ரெண்டு முறை உட்கார்ந்து எழுந்தவர். பிறகு இரண்டு இடுப்பு மூட்டும் மாற்றி, முதுகில் ஆபரேஷன் மேல் ஆபரேஷன், இன்று ஊன்றுகோல். நாலு முறை எழுந்திருக்கலாமே என்பதுதான் தன் வருத்தம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் உடம்பு, அவர் முடிவு, கும்பிட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே நின்று, சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஐம்பது வயது ஆளிடம் "வலிச்சாத்தான் சார் வளரும்" என்று மாஸ்டர் சொல்வதுதான் எனக்கு எரிச்சல். சதை வலி பரவலாக இருக்கும், ரெண்டு நாளில் போய்விடும். மூட்டு வலியைப் பெரும்பாலும் ஒரு விரல் வைத்து இங்கே என்று காட்டலாம், காலையில் எழுந்ததும் இறுகிக் கிடக்கும். அந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நம் நாட்டு ஆணழகன் மனோகர் ஐச் படத்தையும் மாட்டச் சொல்லியிருக்கிறேன். நாலடி பதினோரு அங்குலம், 1952-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தன் பிரிவில் வென்றவர், 2016-ல் இறந்தபோது நூறைத் தாண்டியிருந்தார். ஓனர் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

தோள் இப்போது பஸ் கம்பி வரை போகிறது. இடது முழங்கால்தான் இன்னும் ஒத்துவரவில்லை, கோயில் படிக்கட்டில் பக்கவாட்டாகத்தான் இறங்குகிறேன்.