பூநாரை குஞ்சுக்கு ஊட்டுவது ரத்தம் அல்ல

இரண்டு பூநாரைகள், நடுவே ஒரு குஞ்சு. ஒன்றின் அலகிலிருந்து சிவப்புத் திரவம் மற்றதன் தலையில் வழிந்து குஞ்சின் வாய்க்குள் இறங்குகிறது. "துணையின் மண்டையைக் கொத்தி, குஞ்சுக்கு ரத்தம் ஊட்டுகிறது" என்று இந்த வீடியோவைப் பகிர்கிறார்கள். தவறு. அங்கே யாருக்கும் காயமில்லை.

அது பால். தாய், தந்தை இரண்டுக்குமே உணவுப்பாதையின் மேற்பகுதியிலும் தீனிப்பையிலும் (கழுத்தடியில் இரையைச் சேர்த்துவைக்கும் பை) சுரக்கும். சுரக்க வைப்பது புரோலாக்டின் ஹார்மோன். இந்தப் பால் கொழுப்பும் புரதமும் நிறைந்தது. சிவப்பு நிறம் கரோட்டினாய்டு நிறமிகளால் வருவது. பாசியிலும் சிறு இறால்களிலும் இருக்கும் இதே நிறமிதான் இறகையும் சிவப்பாக்குகிறது. ஊட்டும் காலத்தில் பெற்றோரின் நிறம் வெளுத்துப்போவதும் உண்டு. அந்த அளவுக்குத் தன்னிடமிருப்பதைக் குஞ்சுக்குக் கொடுக்கிறது!

பாலில்லாமல் குஞ்சு பிழைக்காது. பெரிய பறவை வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளி, அலகோரச் சீப்பு போன்ற தகடுகளில் இரையை வடிகட்டும். குஞ்சின் அலகோ நேரானது, வடிகட்ட உதவாது. அலகு வளைந்து பழக மாதங்கள் ஆகும். அதுவரை குஞ்சு வாயைத் திறக்க, மேலிருந்து சொட்டுச் சொட்டாக விழும். வீடியோவில் ஒன்றின் தலைமேலாக இன்னொன்று ஊட்டுவதால் பால் தலையில் வழிகிறது, அவ்வளவே.

புறாக்களும் இப்படிப் பால் ஊட்டுபவைதான். அதன் பால் வெளிர்நிறம் என்பதால் யாரும் பதறுவதில்லை.