மருத்துவக் காப்பீடு: ஜிஎஸ்டி எல்லாருக்கும் போய்விட்டதா?

"மருத்துவக் காப்பீட்டுக்கு இனி ஜிஎஸ்டியே கிடையாது, எல்லா பாலிசியும் 18 சதவீதம் குறையும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

2025 செப்டம்பர் 22 முதல் வரி நீங்கியது தனிநபர் பாலிசிகளுக்கு. குடும்பத்துக்குச் சேர்த்து எடுப்பதும், மூத்த குடிமக்களுக்கானதும் இதில் அடங்கும். அலுவலகம் எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டுக்கு 18 சதவீத வரி அப்படியே இருக்கிறது. அந்தக் குழு பாலிசியில் அப்பா அம்மாவைச் சேர்த்து, சம்பளத்தில் பிடிக்கச் சொல்லியிருக்கிறீர்களா? அதற்கும் வரி உண்டு.

சரி, 18 சதவீதமாவது குறையுமா? ரசீதைப் பாருங்கள். பிரீமியம் 20,000, வரி 3,600, மொத்தம் 23,600 ரூபாய் கட்டியவர் இப்போது 20,000 கட்டுவார். குறைவது 15 சதவீதத்துக்குச் சற்று மேல்.

அதுவும் அடிப்படை பிரீமியம் ஏறாமல் இருந்தால்தான். ஏஜென்ட் கமிஷன், அலுவலக வாடகை போன்றவற்றுக்குக் கட்டும் ஜிஎஸ்டியை, நம்மிடம் வாங்கிய ஜிஎஸ்டியிலிருந்து காப்பீட்டு நிறுவனங்கள் முன்பு கழித்துக்கொண்டன. வரிவிலக்கு வந்ததும் அந்தச் சலுகை போனது. அந்தச் சுமையைப் பிரீமியத்தில் ஏற்றினால் கட்டப்போவது நாம்தான். அதனால் புதுப்பிக்கும்போது, போன வருட ரசீதை எடுத்து வைத்து, வரிக்கு முந்தைய தொகையை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.